மண்கலம் சேர்ப்போருக்கு, சேதுக் கரையிலிருந்து ஒரு திறந்த மடல்

இராமநாதபுரம், தேவிபட்டினம், பெரியபட்டினம், கீழக்கரை, மண்டபம், பாம்பன், இராமேசுவரம் ஆகிய ஊர்களிலும் அவற்றைச் சூழ்ந்த கரையோரச் சிற்றூர்களிலும் தத்தம் இல்லங்களில் மண்கலங்களைச் சேர்த்துவரும் அன்பர்களுக்கு,



சமையலறையை விட்டு வெளியேறிய மண்பானை, இரண்டு தலைமுறைகள் கழித்து முன்கூடத்து மாடத்திற்கும் அலமாரிக்கும் திரும்பி வந்திருக்கிறது. வெளிநாட்டில் உழைத்துத் திரும்பியோர் எழுப்பும் புதுவீடுகளிலும், கடலை நோக்கிக் கட்டப்படும் விருந்தினர் இல்லங்களிலும், ஓய்வுபெற்ற அலுவலர்களின் சிறு வீடுகளிலும் ஒரு பெரிய பானையோ, சுடுமண் குதிரையின் தலையோ, கடற்கரையில் பொறுக்கிய பீங்கான் துண்டுகள் நிரம்பிய கண்ணாடிக் கிண்ணமோ காட்சிப்பொருளாக அமர்ந்திருக்கிறது. இவ்விருப்பம் போற்றத்தக்கது, மண்ணை ஏழ்மையின் அடையாளமாகக் கருதி வீட்டுக்குப் பின்புறம் தள்ளிய மனநிலையிலிருந்து ஊர் விடுபட்டு வருவதை அது காட்டுகிறது. எனினும் எதைச் சேர்ப்பது, எதைக் கிடந்த இடத்திலேயே விட்டுவிடுவது, சேர்த்ததை எவ்வாறு காப்பது என்பன தெளிவாகப் பேசப்படாமையால், நல்ல விருப்பம் கொண்ட கைகளாலேயே சில கெடுதிகள் நேர்ந்துவிடுகின்றன. அவற்றைப் பேசவும், இக்கரையில் இன்னும் உயிரோடிருக்கும் ஒரு கைத்தொழிலை அன்பர்களின் அலமாரியோடு இணைக்கவும் இம்மடல் எழுதப்படுகிறது.

இராமேசுவரம் தீவு மணலாலும் பவளப்பாறையாலும் ஆனது. பானை வனையத்தக்க களிமண் அங்கே கிடையாது. தீவின் அடுப்பிலேறிய பானை அனைத்தும் உள்நாட்டுக் கண்மாய்களின் மண்ணிலிருந்தே பிறந்து வந்திருக்க வேண்டும். கண்மாய் என்பது மழைநீரையும் ஆற்றுநீரையும் கரைகட்டித் தேக்கும் ஏரிக்கு இப்பகுதி வழங்கும் பெயர். இராமநாதபுரம் பெரிய கண்மாயும் இராஜசிங்கமங்கலம் கண்மாயும் அவற்றுள் புகழ்பெற்றவை. ஆண்டுதோறும் வெள்ளத்தோடு வந்து படியும் நுண்மண் கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும்போது, அதை வெட்டியெடுத்து, புளிக்கவைத்து, மிதித்துப் பதப்படுத்திச் சக்கரத்தில் ஏற்றுவோர் வேளார், குலாலர் முதலான பெயர்களால் அறியப்படும் குயவர் ஆவர். சங்க இலக்கியம் இவர்களை வேட்கோ என்று அரசர்க்குரிய ‘கோ’ என்னும் சொல்லைச் சேர்த்து அழைத்தது என்பதை, பானைக்கு விலைபேசும் எவரும் நினைவிற்கொள்வது நல்லது.

மண் இல்லாத கரைக்குக் கலங்கள் தரைவழியே மட்டும் வந்துவிடவில்லை. வைகை கடலோடு கலக்கும் இடத்திற்கு அருகிலுள்ள அழகன்குளத்தில், தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1986ஆம் ஆண்டு தொடங்கிப் பல கட்டங்களாக அகழாய்வு செய்து, 2016–17இலும் அங்கே மீண்டும் குழி தோண்டியது. கறுப்பு-சிவப்புக் கலங்கள், அதாவது சூளையில் காற்றுப் புகாத பக்கம் கறுத்தும் காற்றுப்பட்ட பக்கம் சிவந்தும் சுடப்பட்ட பாண்டங்கள், அங்கே மிகுதியாகக் கிடைத்தன. அவற்றோடு, மத்தியதரைக்கடல் நாடுகளிலிருந்து மதுவும் எண்ணெயும் நிரப்பி வந்த ஆம்போரா எனப்படும் இருபிடிச் சாடிகளின் உடைசல்களும், உட்புறத்தில் வட்டவட்டமாக நுண்புள்ளி வரிசைகள் பதித்த ரௌலட்டட் கலங்களின் துண்டுகளும் வெளிப்பட்டன. இந்த ரௌலட்டட் கலத்தை 1945இல் அரிக்கமேட்டில் ஆராய்ந்த மார்ட்டிமர் வீலர் மேலைநாட்டுச் சரக்கென்று கருதினார். பின்னர் விமலா பெக்லி போன்றோரின் ஆய்வும் களிமண் பகுப்பாய்வும் அது இந்திய மண்ணிலேயே செய்யப்பட்டதென நிறுவின. ஒரு கையளவுத் துண்டு, அதன் மண் எங்கிருந்து வந்தது என்னும் ஒரே கேள்வியால், ஒரு கடல்வணிக வரலாற்றையே திருத்தி எழுதச் செய்திருக்கிறது.

அழகன்குளத்து ஓடுகளில் கப்பல் உருவம் கீறப்பட்ட ஒன்றும் உண்டு. தமிழ் பிராமி எழுத்துகளில் பெயர்கள் கீறப்பட்டவையும் உண்டு. தமிழகத்து அகழாய்வுகளில் கிடைக்கும் இத்தகைய பெயர்களுள் பெரும்பாலானவை, பானை சுடப்பட்ட பிறகு கூரிய கருவியால் கீறப்பட்டவை. அதாவது வனைந்தவர் இட்டவை என்பதைவிட, வாங்கி வைத்திருந்தவர் தம் உடைமையெனக் குறித்தவை என்று கொள்வதே பொருந்தும். வைகையின் மேற்பகுதியில் உள்ள கீழடியில் ஆதன், குவிரன் முதலான பெயர்கள் இவ்வாறே வெளிப்பட்டன. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் பானையை உடைமையாகக் கொண்டோரின் பெயர்கள் இன்று பாடநூல்களில் இடம்பெற்றுள்ளன. அப்பானைகளை வனைந்தவர் ஒருவரின் பெயரைக்கூடத் தேடிப்பிடிப்பது அரிது. கலம் சேர்ப்போர் இவ்வேற்றுமையைச் சற்று நின்று எண்ணிப்பார்க்க வேண்டும்.

பெரியபட்டினத்துக் கரை வேறொரு காலத்தைச் சேர்ந்தது. பவித்திரமாணிக்கப்பட்டினம் என்று இடைக்காலத்தில் அறியப்பட்ட இத்துறையில், சீனத்திலிருந்து வந்த செலடான் என்னும் இளம்பச்சை மெருகுப் பீங்கானும், வெண்ணிறத்தில் நீலக்கோடு தீட்டிய பீங்கானும் துண்டு துண்டாகக் கிடைத்து வந்துள்ளன. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் இங்கே அகழாய்வு செய்தது, எ. சுப்பராயலுவும் ஜப்பானிய வரலாற்றறிஞர் நொபொரு கராஷிமாவும் அத்துண்டுகளின் நிறம், மெருகு, அடிவிளிம்பு ஆகியவற்றைக் கொண்டு 13, 14ஆம் நூற்றாண்டுகளின் சீனத் தொடர்பைத் தெளிவுபடுத்தினர். தென்னந்தோப்பிலும் மணற்றிட்டிலும் மழைக்குப்பின் மேலே தெரியும் துண்டுகளே அவ்வாய்வுக்கும் பெரிதும் துணைநின்றன.

கண்ணாடிக் கிண்ணத்தில் கிடக்கும் துண்டும் ஆய்வாளரின் பெட்டியில் கிடக்கும் துண்டும் பொருளளவில் ஒன்றுதான். ஆனால் பின்னதன்மேல் அது கிடந்த தோப்பின் பெயரும், ஆழமும், உடன்கிடந்தவற்றின் பட்டியலும் எழுதப்பட்டிருக்கின்றன; முன்னதற்கு அழகைத் தவிர வேறொன்றும் இல்லை. அந்த இருப்பிடச் செய்தி, துண்டை எடுத்த கணத்திலேயே அழிந்துவிடுகிறது. நினைவிலிருந்து அதை மீட்டெழுத எவராலும் இயலாது. பெரியபட்டினத்துக் கரையில் ஞாயிற்றுக்கிழமைதோறும் நூறு பேர் ஆளுக்கொரு நீலக்கோட்டுத் துண்டைப் பையிலிட்டுச் செல்வார்களாயின், ஒரு துறைமுகத்தின் எல்லை எதுவரை பரந்திருந்தது என்னும் கேள்விக்கு விடையளிக்கும் சான்று சில ஆண்டுகளிலேயே கரைந்துபோகும். ஆகவே தரையில் கிடக்கும் பழந்துண்டுகளை எடுக்காதிருத்தலே அன்பர்களிடம் இம்மடல் வைக்கும் முதல் வேண்டுகோள்.

சட்டமும் இதையொட்டியே அமைந்துள்ளது. மண்ணுள் மறைந்து கிடந்து பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புடைய எப்பொருளைக் கண்டெடுத்தாலும் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் விதிக்கிறது. நூறு ஆண்டுகளுக்குக் குறையாத தொல்பொருள்களை நாட்டுக்கு வெளியே தனியார் கொண்டுசெல்வதை 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டம் தடுக்கிறது. சுடுமண் சிற்பங்கள் உள்ளிட்ட சில வகைகளைப் பதிவு செய்யவும் அது கோருகிறது. முன்னோர் பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் மலாயாவிலிருந்தும் கொண்டுவந்து வீட்டிலேயே தலைமுறையாக இருந்துவரும் சாடிகளையும் பீங்கான்களையும் வைத்திருப்போர் இதனால் அஞ்ச வேண்டியதில்லை. அவை எந்த ஆண்டில், யாரால், எந்தத் துறையிலிருந்து வந்தன என்பதை வீட்டிலுள்ள மூத்தோரிடம் கேட்டு எழுதிவைத்தாலே அவற்றின் மதிப்பு உயரும். ஏற்கெனவே பொறுக்கிச் சேர்த்துவிட்டவர்கள், எடுத்த இடத்தை நினைவிருக்கும்வரை குறித்து, தொல்லியல் துறையின் பொறுப்பில் உள்ள இராமலிங்க விலாச அரண்மனைக் காட்சியகத்திலேயே ஒப்படைப்பது பற்றிக் கேட்கலாம். இராமநாதபுரத்தில் ரூ.21 கோடியில் நாவாய் அருங்காட்சியகம் அமையும் எனத் தமிழக அரசின் 2025–26 நிதிநிலை அறிக்கை அறிவித்திருப்பதால், இத்துண்டுகள் போய்ச் சேரவேண்டிய இடமும் தெளிவாகிறது.

அவ்வாறாயின் வீட்டு மாடத்தில் எதை வைப்பது என்னும் கேள்வி எழும். வண்ணந்தீட்டிய மண்கலம் இப்பகுதிக்குப் புதியதன்று என்பதை முதலில் சொல்ல வேண்டும். திருமணப் பந்தலில் அடுக்கப்படும் அரசாணிப் பானைகளுக்குச் சுண்ணாம்பால் வெண்கோடும் காவியால் செங்கோடும் இடுவர். பொங்கல் பானையின் கழுத்திலும் தோளிலும் அவ்வாறே கோடிடுவர். அய்யனார் கோயிலுக்கு நேர்ந்துகொண்டு செய்யும் சுடுமண் குதிரைகளுக்கு வெள்ளைபூசிச் சேணமும் மணியும் எழுதுவர். இராமநாதபுரச் சீமையில் புரவியெடுப்பு என்று வழங்கும் இவ்விழா, ஊரார் ஒரு பிடி மண்ணைக் காணிக்கையோடு வேளாரிடம் கொடுக்கும் ‘பிடிமண்’ சடங்கில் தொடங்கி, செய்துமுடித்த குதிரைக்குக் கண் திறந்து, தோளில் சுமந்து கோயிலில் நிறுத்துவதில் நிறைவுறும். ஒரு கலத்திற்கான ஆணை, பணத்தோடு மண்ணையும் சேர்த்துக் கொடுக்கப்படும் இவ்வழக்கம், வாங்குவோருக்கும் வனைவோருக்கும் இடையே இருக்கத்தக்க உறவு எது என்பதை எந்த ஒப்பந்தத்தாளைவிடவும் தெளிவாக உரைக்கிறது.

எனினும் இவ்வண்ணங்கள் எல்லாம் சுட்ட பிறகு பூசப்படுபவை. விழா முடிந்ததும் மழையில் கரைபவை. நிலைத்து நிற்கும் வண்ணத்தைச் சூளைக்குச் செல்லுமுன் இட வேண்டும் என்னும் நுட்பத்தைத் தமிழகம் முன்பே அறிந்திருந்தது. கொடுமணல், கரூர் முதலிய கொங்குப் பகுதி ஊர்களில் கிடைக்கும் செங்காவிப் பூச்சுக் கலங்களில், வெண்களிமண் குழம்பால் நேர்கோடுகளும் அலைகோடுகளும் வலைப்பின்னல்களும் வரைந்து, அவற்றின்மேல் செங்காவிக் குழம்பு பூசிச் சுட்டிருக்கின்றனர். கோடுகள் செந்நிறத்தின் அடியிலிருந்து மெல்லிய மஞ்சளாகத் தெரிகின்றன. இரண்டாயிரம் ஆண்டுகள் மண்ணுள் கிடந்தும் அக்கோடுகள் அழியவில்லை. இந்நுட்பம் எப்போது, ஏன் கைவிடப்பட்டதென்பது தனி ஆய்வுக்குரியது. அதை மீட்பதற்கு வேண்டிய மண்ணும் காவியும் சூளையும் மட்டும் இன்றும் எட்டும் தொலைவில் உள்ளன.

இங்கே கடல்களுக்கு அப்பாலுள்ள ஒரு மக்களின் அனுபவத்தை விரிவாகக் குறிப்பிடுவது பயன்தரும். தென்னமெரிக்காவின் பெரு நாட்டில், அமேசான் ஆற்றை உருவாக்கும் நீர்ப்பெருக்குகளுள் ஒன்றான உகயாலி ஆற்றின் கரைகளில் ஷிபிபோ-கொனிபோ என்னும் பழங்குடியினர் வாழ்கின்றனர். அவர்களிடையே கலம் செய்வோர் பெண்களே. அவர்கள் சக்கரத்தைப் பயன்படுத்துவதில்லை. களிமண்ணைக் கயிறுபோலத் திரித்து, வளையம்மேல் வளையமாக அடுக்கித் தேய்த்துச் சுவரெழுப்புகின்றனர். வெடிக்காதிருப்பதற்காக, மணற்சத்து மிகுந்த ஒரு மரப்பட்டையை எரித்த சாம்பலையும், உடைந்த பழம்பானைகளை இடித்த பொடியையும் களிமண்ணோடு பிசைகின்றனர். பழைய பானை புதிய பானைக்குள் இவ்வாறு மீண்டும் புகுந்துகொள்கிறது. வெண்களிமண் பூசிய பரப்பின்மேல், சிலவேளை தம் தலைமுடியையே கட்டிச் செய்த நுண்தூரிகையால், கறுப்பும் செந்நிறமுமாகக் கோடுகள் இழுக்கின்றனர். திறந்த தீயில் சுட்டெடுத்து, சூடு ஆறுமுன் மரப்பிசினைத் தேய்க்கும்போது அது உருகிப் பரவி, கோடுகளின்மேல் கண்ணாடிபோன்ற மெருகாக உறைகிறது.

அக்கோலங்களுக்குக் கெனே என்று பெயர். தடித்த கோடொன்று முதலில் பரப்பைப் பிரிக்க, அதையொட்டி மெல்லிய கோடு ஓட, எஞ்சிய இடைவெளிகள் இன்னும் நுண்ணிய கோடுகளால் நிரம்புகின்றன. அளவுகோல் இல்லை, முன்வரைவு இல்லை. தாயிடமிருந்து மகள் கற்கும் இக்கலை, பானையிலும் துணியிலும் மரத்திலும் உடலிலும் ஒன்றுபோலவே எழுதப்படுகிறது. புள்ளி வைத்து, கையெடுக்காமல் கம்பி சுற்றி, வாசலை நிறைக்கும் தமிழ்ப் பெண்களின் கோலத்தை அறிந்த எவருக்கும் இக்கலை அயலானதாகத் தோன்றாது. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு: கோலம் மாலைக்குள் காலடியில் கலைந்துவிட, கெனே பானை உடையும்வரை நிலைக்கிறது. தமிழகத்தில் சக்கரம் ஆண்களின் கையிலும் கோலம் பெண்களின் கையிலும் பிரிந்து நின்றதால், வரைவதில் இத்தனை தேர்ந்த ஒரு மக்கள், அவ்வரைவைச் சூளைத்தீக்குள் அனுப்பி நிலைக்கச் செய்யும் வாய்ப்பைப் பெரும்பாலும் இழந்துவிட்டனர் என்று கருதத் தோன்றுகிறது.

ஷிபிபோ கலங்கள் அலமாரிக்காகப் பிறந்தவை அல்ல. மரவள்ளிக் கிழங்கைப் புளிக்கவைத்துச் செய்யும் மசாத்தோ என்னும் மதுவை நிரப்பும் பெருஞ்சாடிகளும், விருந்தினருக்கு அதை ஊற்றிக் கொடுக்கும் கிண்ணங்களுமே அவற்றுள் சிறந்தவை. வாரன் டிபோயர், டொனால்ட் லாத்ராப் என்னும் ஆய்வாளர்கள் 1979இல் வெளியிட்ட ஆய்வில், இக்கலங்கள் செய்யப்படுவதையும் உடைவதையும் ஊரிலேயே இருந்து கணக்கிட்டு, பல கலங்களின் ஆயுள் மிகக் குறுகியதென்று காட்டினர். அலுமினியமும் பிளாஸ்டிக்கும் வந்தபின் சமையலுக்கான தேவை சுருங்கியது. அத்தொழிலைத் தாங்கிநிற்கும் தூண்களுள் ஒன்றாக வெளியூர் வாங்குவோர் அமைந்தனர். புகால்பா நகரத்தை அடுத்த யாரினாகோச்சா ஏரிக்கரையிலும் தலைநகர் லீமாவிலும் அப்பெண்கள் தம் கலங்களைத் தாமே விற்கின்றனர். பெரு அரசு 2008இல் கெனேயை நாட்டின் பண்பாட்டு மரபுச் செல்வமாக அறிவித்தது. சந்தை அக்கலையை மாற்றாமல் விட்டுவிடவில்லை: இருவர் சுமக்கும் சாடிகள் அரிதாகி, பயணப்பெட்டிக்குள் அடங்கும் சிறுகலங்கள் பெருகின. அம்மாற்றத்தை வருந்தத்தக்க இழப்பென்று சிலர் கருதுவர். ஆயினும் மகளுக்குக் கற்பிக்கத் தாயொருத்தி இருக்கும்வரை பெரிய சாடியை எப்போது வேண்டுமானாலும் மீண்டும் எழுப்ப இயலும். கற்பிப்பவர் கையை நிறுத்திய பிறகு அருங்காட்சியகத்துச் சாடியால் அதைச் செய்ய இயலாது.

அன்பர்களே, உங்கள் மாவட்டத்தின் அண்டையிலேயே இத்தகைய கைகள் இருக்கின்றன. 1985இல் மாவட்டம் பிரிக்கப்படும்வரை இராமநாதபுரத்தோடு இருந்து, இன்று சிவகங்கை மாவட்டத்தில் உள்ள மானாமதுரை, கடம் என்னும் இசைக்கருவியால் உலகறிந்த ஊர். சக்கரத்தில் தடிமனாக எழுப்பிய குடத்தை, உள்ளே கல்லைத் தாங்கி வெளியே மரப்பலகையால் ஆயிரக்கணக்கான முறை தட்டி, சுவர் எங்கும் ஒரே கனமாகும்படி இறுக்குவதே கடத்தின் நுட்பம். இத்தட்டும் வேலையில் பெண்கள் தேர்ந்தவர்கள் என்பதற்கு, மானாமதுரை மீனாட்சி கேசவன் சங்கீத நாடக அகாதெமியின் விருது பெற்றதே சான்று. மானாமதுரை மண்பாண்டத்திற்கு 2023இல் புவிசார் குறியீடு, அதாவது குறிப்பிட்ட ஊரில் குறிப்பிட்ட முறையில் செய்த பொருளுக்கே அப்பெயர் உரியது என்னும் சட்டக் காப்பு, கிடைத்தது. அக்காப்பு பெயரைத்தான் காக்கும். வாங்குவோர் வராவிட்டால் சூளை அணைவதை அது தடுக்காது. கண்மாய்களில் மண்ணெடுக்க வட்டாட்சியர் நிலையிலேயே அனுமதி பெறலாம் என 2024இல் அரசு எளிமைப்படுத்தியிருப்பது குயவர்க்கு உதவும். ஆனாலும் மண் கிடைத்தால் மட்டும் போதாது, வனைந்ததற்கு மதிப்பறிந்து விலைதருவோரும் வேண்டும்.

ஆகவே இம்மடலின் இரண்டாவது வேண்டுகோள், பழையதைத் தேடி அலைவதை விட்டு, புதியதைச் சொல்லிச் செய்வியுங்கள் என்பதாகும். மானாமதுரையிலோ, பரமக்குடி, முதுகுளத்தூர்ப் பக்கத்துச் சிற்றூர்களிலோ சூளை வைத்திருக்கும் ஒரு குடும்பத்தை நேரில் கண்டு, தேவையான வடிவத்தையும் அளவையும் கூறி, வண்ணக்கோடுகள் சுடுவதற்கு முன்பே வெண்களிமண்ணாலும் காவியாலும் இடப்பட வேண்டுமென்று கேட்டுக்கொள்ளலாம். அக்கோடுகளை வரைய, அவ்வீட்டிலேயே கோலத்தில் கைதேர்ந்த பெண்கள் இருப்பார்கள். அவர்களிடம் தூரிகையைக் கொடுக்கச் சொல்வதும், அவ்வேலைக்குத் தனியே கூலி தருவதும் முறையாகும். முதற்சூளையில் சில வெடிக்கும், சிலவற்றில் வண்ணம் உரியும். அவ்விழப்பை வனைவோர் மட்டுமே சுமக்கும்படி விடாமல் பங்கிட்டுக்கொள்வதே பிடிமண் கொடுத்த மரபுக்குப் பொருந்தும். எனாமல் பூச்சை மட்டும் தவிர்க்க வேண்டும். அய்யனார் குதிரைகள் பலவற்றிலும் சுண்ணாம்பின் இடத்தைப் பிடித்துக்கொண்ட அப்பூச்சு, மண்ணின் மூச்சுத்துளைகளை அடைத்து, சில கோடைகளுக்குள் செதிலாக உரிந்து, அடியிலுள்ள நல்ல பரப்பையும் உடன் இழுத்துச் சென்றுவிடுகிறது.

கரையோர வீட்டில் மண்கலத்திற்கு முதற்பகை உப்பு. குறைந்த வெப்பத்தில் சுடப்பட்ட கலம் கடற்காற்றின் ஈரத்தையும், உவர் ஏறிய சுவரின் கசிவையும் உறிஞ்சிக்கொள்கிறது. நீர் உலரும்போது உப்பு மட்டும் துளைகளுக்குள் தங்கிப் படிகமாக வளர்ந்து, மேற்பரப்பை உள்ளிருந்து நெட்டித்தள்ளுகிறது. பானையின்மேல் வெண்பொடி பூத்ததுபோல் தெரிவது இதன் முதற்குறி. வண்ணமில்லாத கலமாயின் மழைநீரிலோ உவரற்ற குடிநீரிலோ சில நாள் ஊறவைத்து, நாள்தோறும் நீரை மாற்றி, நிழலில் மெதுவாக உலர்த்தினால் உப்பு பெரும்பாலும் இறங்கிவிடும். இப்பகுதிக் கிணறுகள் பலவற்றின் உவர்நீர் இதற்கு ஆகாது. சுட்டபின் வண்ணமிட்ட கலத்தை நீரில் நனைக்கவே கூடாது. மென்மையான தூரிகையால் தூசி தட்டுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். தரையில் நேராக வைக்காமல் மரப்பலகையின்மேல், சுவரைத் தொடாதபடி, கடலை நோக்கிய சாளரத்திற்கு எதிரில் இல்லாமல் வைத்தால் பாதிக் காப்பு முடிந்தது.

அய்யனார் தோப்புகளில் சாய்ந்து கிடக்கும் பழைய குதிரைகளைப் பற்றியும் ஒரு சொல் கூற வேண்டும். பராமரிப்பாரற்றுக் கிடப்பதாக எண்ணிச் சிலர் அவற்றின் தலையை எடுத்துவந்து முன்கூடத்தில் வைக்கின்றனர்; விலைக்கு வாங்கியும் வைக்கின்றனர். அங்கே கிடப்பது கைவிடப்பட்ட பொருளன்று. போகியன்று பழம்பானையை அகற்றிப் பொங்கலுக்குப் புதுப்பானை ஏற்றுவதுபோல், நேர்ந்துவிட்ட குதிரையும் தெய்வத்தின் முன்னிலையிலேயே வெயிலிலும் மழையிலும் கரைந்து மண்ணாக வேண்டும் என்பதும், அடுத்த விழாவுக்குப் புதுக்குதிரை வனையப்பட வேண்டும் என்பதும் அம்மரபின் ஏற்பாடு. அழிவதற்கென்றே செய்யப்படுவதால்தான் ஒவ்வொரு தலைமுறைக் குயவரும் அதை மீண்டும் செய்யக் கற்றுக்கொள்கின்றனர். குதிரை வேண்டுவோர் முழங்கால் உயரத்தில் ஒன்றைப் புதிதாகச் செய்யச் சொல்லலாம். கோயிலுக்குரியதற்கு மாறாக, கண் திறக்காமல் விட்டுத் தரச் சொன்னால், வேளாருக்கும் மனத்தடை இராது.

விருந்தினர் இல்லங்களும் கடைகளும் நடத்தும் அன்பர்களுக்குத் தனியே ஒன்று. இராமேசுவரத்துக்கு நாடெங்கிலுமிருந்து வருவோர் திரும்புகையில் எடுத்துச்செல்வது பெரும்பாலும் சங்கும் சிப்பியும் ஒட்டிய பொம்மைகளே. மன்னார் வளைகுடாவின் உயிர்களைச் சுரண்டிச் செய்யப்படும் பொருள்கள் அவை; அவ்வுயிர்களுள் சில சட்டத்தால் காக்கப்பட்டவையும் ஆகும். காசிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே தீர்த்தமும் மணலும் சுமக்கும் மரபு இன்றும் இருப்பதால், இருபத்திரண்டு தீர்த்தங்களில் நீராடியவர் கையில், வைகைப் படுகை மண்ணில் வனைந்து, சுடுமுன்பே கோலமிட்ட ஒரு சிறு கரகம் இருப்பது எவ்வகையிலும் பொருத்தமாகும். உள்ளங்கையில் அடங்கும் கலம், ஷிபிபோ பெண்கள் பயணப்பெட்டிக்கென்று சுருக்கிய சிறுசாடியைப் போல, பெருங்கலம் செய்யும் கைக்கு அன்றாடச் சோறாகும்.

தை பிறந்து கண்மாய் வற்றத் தொடங்கியதும் மண்வெட்டும் காலம் வரும். பங்குனி வெயிலில் கலம் உலரும். மழைக்கு முன் சூளைகள் எரிந்தாக வேண்டும். ஆணை கொடுக்க விரும்புவோர் அதற்கு முன்பே சென்று பேசிவிட வேண்டும். அப்போது, செய்பவரின் பெயரையும் ஊரையும் ஆண்டையும் கலத்தின் அடியில் கீறித்தருமாறு கேட்க மறக்கலாகாது. சக்கரத்திலிருந்து இறக்கிய பானை, விரல் அழுத்தினால் குழியாமலும் நகத்தால் கீறினால் கோடு விழுமாறும் இருப்பது, அந்த வெயிலில் ஒரு பகல் அளவே. அதற்குள் எழுத வேண்டும்.